முன்னுக்கு இழுப்பேன்!

"மைனஸ் நாற்பது. வண்டி கிளம்பாது, டார்லீன்" என்று போர்வைக்குள்ளிருந்து முனகினான் கணவன் ரஸ்.

"ராத்திரியெல்லாம் என்ஜின் ஹீட்டரை வீட்டுக் கரண்டுல போட்டு வெச்சிருக்கேன். எப்படிக் கிளம்பாம போகும்?"

சாவியை ஒரே திருப்பு, வண்டி உறுமியது. 'ஊரை முன்னுக்கு இழுப்பேன்!' என்று கதவில் எழுதி ஒட்டிய வண்டியில், மூஸ் கிரீக் ஊர்த் தலைவர் பதவிக்கு ஓட்டுக் கேட்கப் புறப்பட்டாள்.

கடைத்தெருவில் அதிசயம்! காபிக் கடையே வாசலுக்கு ஓடி வந்து கையாட்டியது. டார்லீனும் ஆட்டினாள். பனி அள்ளும் லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். நாலு பேர் அவள் பெயரைக் கத்திக்கொண்டே பின்னால் ஓடி வந்தார்கள். மைனஸ் நாற்பதில் குளிராத உச்சி இப்போது குளிர்ந்தது.

தேர்தலில் அவளை எதிர்த்துப் போட்டியிடும் கார்னெட்டே நடுரோட்டில் இரண்டு கையையும் தூக்கி நின்றார். கண்ணாடியை இறக்கினாள்.

"என்னண்ணே, இப்பவே சரணடைஞ்சாச்சா?"

"பின்னாடி பாரும்மா!"

பார்த்தாள். கழற்ற மறந்த ஹீட்டர் வயர், அதன் நுனியில் பிளக் போர்டு, போர்டில் கிறிஸ்துமஸ் விளக்குச்சரம், சரத்தில் மூன்று பிளாஸ்டிக் மான்கள், கடைசியாக அவள் வீட்டு வாசற்படிக் கைப்பிடி.

"ஊரை இழுப்பேன்னே, சரி" என்றார் கார்னெட். "அதுக்காக வீட்டிலிருந்தேவா ஆரம்பிக்கணும்?"