அடியில் வந்த அலை

நடுக்கடலின் அடியில் ஒரு மலை இருந்தது. ஒருநாள் கடலின் ஏற்றவற்ற நீரோட்டம் அதன்மேல் ஏறி இறங்கியபோது ஆழத்தின் குளிர்ந்த, கனத்த நீர் மேலெழும்பி, வெதுவெதுப்பான மேல்நீருக்கு அடியில் ஓர் அலையாகப் புறப்பட்டது. பனைமர உயரம் இருந்தும் வெளியே தெரியவில்லை.

"நுரை இல்லை, சத்தம் இல்லை. நீயெல்லாம் ஓர் அலையா?" என்று கடலின் மேற்பரப்பில் ஓடிய மேலலை சிரித்தது.

"எனக்கு அதெல்லாம் வரலையே அண்ணே," என்றது உள்ளலை. மனம் சுருங்கினாலும் நிற்கவில்லை. அதன் முகம் செங்குத்தாக நிமிரப் பார்க்கும். உடம்போ பரந்துபோகப் பார்க்கும். இரண்டும் சரிக்குச் சரி இழுத்ததால், மூன்று நாள் உருக்குலையாமல் கரையை நோக்கி நடந்தது.

கரையோரச் சரிவில் வெயிலால் வெளுத்துப்போன பவளம் ஒன்று முனகியது. "தண்ணி கொதிக்குது. யாராச்சும் வாங்களேன்!"

"நான் கண்ணுக்கே தெரியாத அலை. பரவாயில்லையா?"

"கண்ணுக்குத் தெரியணும்னு யார் கேட்டா? குளிர்ச்சியா இருக்கியா, அதைச் சொல்லு!"

இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. மேட்டில் ஏறினால் உடைந்துவிடுவோம் என்று உள்ளலைக்குத் தெரியும். இருந்தும் ஒரே மூச்சில் ஏறி உடைந்து கொட்டியது.

ஆழத்துக் குளிரும் இரையும் பவளத்தின் மேல் வழிந்தன. மூடிக் கிடந்த அதன் ஆயிரம் குட்டி வாய்களும் திறந்தன. "அப்பாடா!" என்றது பவளம். மீன்குஞ்சுகள் பொந்துகளை விட்டுக் குதித்து வந்தன.

அலை எங்கே என்று கேட்டால் இப்போது அதற்கே சொல்லத் தெரியாது. குளிர்நீராய்ப் பவளத்தின் கிளைக்குக் கிளை சிரித்துக்கொண்டே ஓடிக்கொண்டிருந்தது.