வெள்ளிக்கிழமை ஈரல்

பை மாறியது கன்னியப்பனால்தான். முதலியார்பேட்டையில் கறிக்கடை வைத்திருக்கும் அவர், வெள்ளிதோறும் நாடாப்புழுக் கட்டி உள்ள ஆட்டு ஈரலை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவருவார். இன்று கொண்டுவந்தது சம்பந்தி வீட்டுக்கு எடுத்துவைத்த நல்ல ஈரல்.

"அப்ப கட்டி ஈரல் எங்கண்ணே?" என்றாள் ஆய்வாளர் தீபலட்சுமி.

"அது சம்பந்தி வீட்டுக்குப் போயி திரும்பி வந்துடுச்சும்மா. சம்பந்திதான் இன்னும் பேச மாட்டேன்றாரு."

சிரித்துக்கொண்டே அவள் எண்ணெய் வழியும் வடையோடு ஒரு மாத்திரையை விழுங்கினாள்.

"ஓம எண்ணெயும் புழு மருந்தும் சேந்தா புழு சாவுதாம்மா?"

"கண்ணாடித் தட்டுல சாவுது. உடம்புல சாவுமான்னு தெரியாது. எங்க சார் ஆராய்ச்சிய மூட்டை கட்டச் சொல்றாரு. நான் விடறதா இல்ல."

"விடாதம்மா! அடுத்த வெள்ளி ரெண்டு ஈரலா தர்றேன்."

"வேணாம்ணே. அடுத்த வாரத்துக்கு வேற எடத்துல சொல்லிட்டேன்."

கன்னியப்பனுக்குச் சுருக்கென்றது. "ஒரு பை மாறினதுக்கு கடையே மாத்திடுவியா? அந்த அரியாங்குப்பத்துக் கறிக்கடைக்காரனா?"

"இல்லண்ணே."

"எவனா இருந்தாலும், உள்ள கட்டி இருக்குன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"ஸ்கேன்லயே பாத்தாச்சு."

"ஆட்டுக்கு ஸ்கேனா? சுத்தி வளைக்காதம்மா. யாரோட ஈரலு? நேரா சொல்லு!"

தீபலட்சுமி தன் வலது விலாவுக்குக் கீழே கை வைத்தாள்.

"என்னுதுண்ணே. வியாழக்கிழமை ஆபரேஷன். எடுக்கற கட்டிய இங்கதான் அனுப்பச் சொல்லியிருக்கேன். அதையும் ஒரு கை பாத்துடறேன்."