மறைக்க வேண்டிய பெயர்

இணையம் பார்க்கும் பழைய உலாவியை நிறுவனத்தார் நிறுத்திவிட்டார்கள். வேறு வழியில்லாமல் அர்த்தநாரி புதியதற்கு மாறினார். முதல் பார்வையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேகம் இருந்தது, குரலில் மரியாதையும் இருந்தது.

“யாரையாவது உங்கள் கண்ணில் படாமல் மறைக்க வேண்டுமா, ஐயா? பெயரை நீங்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்,” என்றது உலாவி.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வீட்டுக்குச் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட மகளை அவர் அன்றே தலைமுழுகியிருந்தார். பழைய உலாவியில் அவள் பெயரைத் தட்டித் தடை போட்டதோடு சரி, அவள் படமோ செய்தியோ இந்த வீட்டுத் திரை எதிலும் வந்ததில்லை. அந்தப் பெயர் அவர் வாயிலும் வந்ததில்லை.

“ஏனுங்க, சுருக்கா சொல்லுங்க. இல்லாட்டிக் குடும்ப மானம் வாசப்படி தாண்டிரும்,” என்றாள் மனைவி வளர்மதி, வெங்காயம் உரித்தபடியே.

“வாய மூடு.”

“நான் மூடிக்கிறனுங்க. நீங்கதான் தொறக்கோணும்.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “மிருதுளா!” என்றார். அதட்டலாகத்தான் சொல்ல நினைத்தார். பள்ளி விட்டு வந்த பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடும் குரலில் அது வந்துவிட்டது.

உலாவி சற்றுத் தயங்கியது. “மன்னிக்க வேண்டும், ஐயா. இவரை மறைக்கவா, தேடவா?”

வளர்மதியின் கை நின்றுவிட்டது.

அர்த்தநாரி மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். “இதுக்குக் காது மந்தமாட்ட இருக்குது. நீயே சொல்லிரு,” என்று, திரைக்கு முன்னால் வளர்மதிக்கும் இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.