எவர்சில்வர் கிண்ணம்

கெங்கம்மாள் கேட்டுவிட்டாள் என்பதற்காக, பாழுங்கிணற்றிலிருந்து மீட்டு வளர்த்த பூனையைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிடச் சவுரியம்மாள் தயாராக இல்லை.

“அடிக்க மாட்டீங்களே?”

“மல்லாட்டை மூட்டையெல்லாம் எலி கடிக்குது. எலி புடிக்கிற பூனையை எவளாவது அடிப்பாளா?” என்றாள் கெங்கம்மாள்.

“எங்க படுக்கும்?”

“அடுப்படியில.”

“பால் எதுல ஊத்துவீங்க?”

“எவர்சில்வர் கிண்ணத்துல. திண்டிவனத்துல வாங்கினது. போதுமா?”

சவுரியம்மாள் கூடையைத் திறந்தாள். பால் வாசனைக்குப் பூனை நேராக அடுப்படிக்குள் ஓடியது.

“வெயில்ல வந்திருக்கே, மோர் குடிச்சிட்டுப் போ.” கெங்கம்மாள் கொல்லை வேலியோரம் ஒரு கொட்டாங்கச்சியை வைத்துவிட்டு, மேலே படாமல் எட்ட நின்று ஊற்றினாள்.

சவுரியம்மாள் அதைக் கையில் எடுக்கவில்லை.

“பூனையைப் புடிச்சிக் குடுங்க.”

“ஏன், என்ன ஆச்சு?”

“இத்தினி நாளா அது என் தட்டுலதான் தின்னுக்கினு இருந்துச்சு. உங்க கிண்ணம் தீட்டாயிடும்.”