இரண்டாவது சம்பளம்

"நாப்பத்தஞ்சு வயசு வரைக்கும் என்ன சார் பண்ணிட்டிருந்தீங்க?"

ஓய்வுக்காலச் சேமிப்பு ஆலோசகர் இப்படிக் கேட்டதும் லிஃப்ட் மெக்கானிக்குக்கு முகம் தொங்கிப்போனது.

"கல்யாணம், ரெண்டு பிள்ளைங்க படிப்பு, இந்த வீட்டுக் கடன்... எங்க சார் மிஞ்சுது?"

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமான்னு நானும் கேட்டேன்," என்றாள் காபி கொண்டுவந்த மனைவி.

ஆலோசகருக்கு இந்த மாதிரி வீடுகள் அத்துப்படி. சோபாவில் கிடந்த மடிக்காத துணிகளை ஒதுக்கிவிட்டு வசதியாக உட்கார்ந்தார்.

"பயப்படாதீங்க. வீட்ல ரெண்டு சம்பளம்னு போன்லயே சொன்னீங்களே! உங்க சம்பளம் கடனுக்கு, செலவுக்கு. ரெண்டாவது சம்பளத்தை அப்படியே சேமிப்புல போடுங்க. பதினஞ்சு வருஷம் கழிச்சு ரெண்டு பேரும் கால் மேல கால் போட்டு உட்காரலாம்."

"இப்ப அது மளிகைக்குப் போகுது சார். பரவால்ல, நான் ஓவர்டைம் பார்த்துச் சமாளிக்கிறேன்."

"ஒண்ணே ஒண்ணு. நடுவுல அந்தச் சம்பளம் நின்னுது, எல்லாம் அம்போ!"

"நிக்கவே நிக்காது சார். காய்ச்சலோடகூட வேலைக்குப் போற உடம்பு அது."

ஆலோசகர் அந்த அம்மாளை மரியாதையோடு பார்த்தார். "உங்களை மாதிரி ஒருத்தர் இருந்தா குடும்பம் மூழ்காது மேடம்."

"நான் என்ன சார் பண்றேன்? காலைல டிபன் கட்டிக் குடுக்கறேன், அவ்ளோதான்."

என்ன அடக்கம் என்று அவர் வியந்துகொண்டிருக்கும்போதே வாசல் கதவு திறந்தது. வாட்ச்மேன் யூனிஃபார்மில் ஒரு பெரியவர் சுவரைப் பிடித்தபடி உள்ளே வந்து, ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தார். குனிந்து ஷூவைக் கழற்ற முடியாமல் முட்டியைத் தேய்த்துக்கொண்டார்.

"சார், எங்கப்பா! நான் சொன்ன ரெண்டாவது சம்பளம் இவரோடதுதான்," என்றான் மெக்கானிக், பெருமை பொங்க.

ஆலோசகருக்குத் தூக்கிவாரிப் போட்டது. காபி புரையேறி, கண்ணில் நீர் முட்டியது.

"அப்பா, கவலை தீர்ந்துது! உங்க சம்பளத்தைப் பதினஞ்சு வருஷம் போட்டா, நாங்க ரெண்டு பேரும் நிம்மதியா ரிட்டயர் ஆகலாமாம்!"

பெரியவர் மகனையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நல்லாருங்கப்பா. எனக்குத்தான் எழுபத்திமூணாச்சு, முட்டி ரெண்டும் போயிடுச்சு... போதும்னு இன்னியோட வேலையை விட்டுட்டு வந்துட்டேன்."