திருந்திய அரளி

போன ஆடியில் நச்சுநீக்கத் துறை அதிகாரி வந்து, தர்ஷினியின் தோட்டத்து அரளிகளுக்கெல்லாம் தூரில் ஊசி போட்டார். பிள்ளைகள் தெரியாமல் கடித்தாலும் இனிப் பயமில்லையாம். நம்பிக்கை வருவதற்காக அவரே இரண்டு பூவைப் பறித்து மென்று காட்டினார்.

"லேசா இனிக்குதும்மா."

பாதையோரம் நின்ற வெள்ளாடு ஒன்றும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஐம்பது வயதுத் தர்ஷினி அப்போது அதைப் பொருட்படுத்தவில்லை.

வெள்ளிதோறும் அம்மனுக்குச் செவ்வரளி மாலை கட்டுவது அவள் குடும்பத்தின் உரிமை. ஊசி போடும்வரை தோட்டத்துக்கு வேலி கிடையாது, காவலும் கிடையாது. எந்த ஆடும் அரளியை மோந்துகூடப் பார்த்ததில்லை. இந்த ஆடியிலோ ஊர் ஆடு மொத்தமும் தோட்டத்திலேயே கிடந்தது. கம்பெடுத்துக் கிழக்கே விரட்டினால் மேற்கே வந்து மேய்ந்தது. திருவிழாவன்று அம்மன் பிளாஸ்டிக் மாலையோடு தேரேறினாள். "வாடாத மாலைதானே, விடு தாயி," என்று தர்மகர்த்தா சமாதானம் சொன்னது தர்ஷினிக்கு இன்னும் எரிந்தது.

அவள் போட்ட புகாரை விசாரிக்க அதே அதிகாரி வந்தார். மொட்டைக் குச்சிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"கம்பி வேலின்னா ஆடு நுழைஞ்சிரும். உயிர்வேலிதாம்மா சரி. ஆடு வாய் வைக்காத செடியாப் பார்த்துச் சுத்தி நட்டுரலாம். இந்த ஊர்ல அப்படி ஏதாவது இருக்கா?"

"இருந்துச்சு சார்," என்றாள் தர்ஷினி. "போன வருசம் நீங்கதான் ஊசி போட்டுத் திருத்திட்டுப் போனீங்க."