பதினாலாவது வளைவு

மணிக்கூண்டு, ஏரி, நூறு வருடத்து மாளிகை என்று ஒருநாள் பஸ் சுற்றுலாவில் எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்த எதையும் அந்தம்மா ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மலை ஏறும்போதும் சரி, இறங்கும்போதும் சரி, முன்சீட்டில் உட்கார்ந்து வளைவுக்கு வளைவு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டே வந்தார்.

டிரைவருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"என்மேல புகாராம்மா? இருபது வருஷத்துல இந்த பஸ்ஸுல ஒரு கீறல் விழுந்ததில்லை."

"ஐயோ, இல்ல தம்பி. நாளையிலிருந்து இந்த ரோட்டுல பஸ் ஓட்டப் போறது என் பொண்ணு. நீங்க எங்கெங்க ஹாரன் அடிக்கிறீங்க, எங்கெங்க கியர் மாத்துறீங்கன்னு குறிச்சுக்கறேன். அவளுக்குத் தெரியாமத்தான் வந்தேன்."

டிரைவர் வேகத்தைக் குறைத்தார்.

"இதையும் எழுதிக்குங்க. இந்தப் பதினாலாவது வளைவுல எதிர்ல வர்ற வண்டி கிட்ட வர்றவரைக்கும் தெரியாது. பாப்பாவை ரெண்டாவது கியர்லயே வரச் சொல்லுங்க."